கேமரா சென்சாரின் அளவு: நல்ல படத்தைத் தீர்மானிப்பது எது?

சுவிட்சர்லாந்தின் சொலதூர்ன் மாநிலத்தில், ஓல்டன் ரயில் சந்திக்கு அருகே, ஜூரா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் திரிம்பாக். 2013ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் நடைபெற்ற ஸ்ரீ மனோன்மணி அம்பாள் ஆலயம் இங்குதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கு இந்த ஊரின் பெயர் அறிமுகமானதும் அந்த ஆலயத்தின் வழியாகத்தான்.

திரிம்பாக்கில் வசிக்கும் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, தமது மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் படப்பிடிப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தது. இருவர் விலை சொன்னார்கள். இரண்டு தொகைகளுக்கும் இடையே ஆயிரம் ஃபிராங்குக்கு மேல் வித்தியாசம். கூடுதலாகக் கேட்டவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். தன்னிடம் இருப்பது 'ஃபுல் ஃபிரேம்' கேமரா, மற்றவரிடம் இருப்பது சிறிய சென்சார் கொண்ட கேமரா என்றார் அவர்.

"அண்ணா, பெரிய சென்சார் எண்டால் படம் உண்மையிலேயே நல்லா வருமோ, அல்லது காசு மட்டும்தான் கூடுமோ?" என்று அந்தச் சிறுமியின் தாயார் என்னிடம் கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் அவருடைய தம்பியின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் காணாமல்போனவர் அவர். அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் குடும்பத்திடம் மிஞ்சவில்லை. அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டிருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் தம்பி தெரிகிறார். அருகில் சென்றால் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. எடுக்கும்போது பதிவாகாத எதையும் பின்னர் பெரிதாக்கிப் பெற முடியாது என்பதை அந்தக் குடும்பம் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

அவருடைய கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது கடினம். சென்சாரின் அளவு முக்கியமானதுதான். ஆனால் அது எதனால் முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அது முக்கியமற்றுப் போகும் சந்தர்ப்பங்களும் தெளிவாகிவிடும்.

குழப்பம் தரும் பெயர்கள்

சென்சார் என்பது ஃபிலிம் சுருளின் இடத்தைப் பிடித்த சிலிக்கன் தகடு. ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி என்ற கருவியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969ஆம் ஆண்டில் வடிவமைத்தனர். 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது அதற்குப் பின்னர் வளர்ந்த சிமாஸ் வகைச் சென்சார். இரண்டிலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: விழும் ஒளியைக் கணக்கிடுவது.

இந்தத் தகடுகளின் அளவைக் குறிக்கும் பெயர்கள் வாங்குவோரைக் குழப்புகின்றன. 'ஃபுல் ஃபிரேம்' என்பது 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் சினிமாச் சுருளைக் கிடைமட்டமாகப் பயன்படுத்தி உருவாக்கி, 1925ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த சிறிய கேமராவின் ஃபிலிம் சட்டக அளவே அது. 'ஏபிஎஸ்-சி' என்ற பெயர், 1996ஆம் ஆண்டில் அறிமுகமாகிப் பின்னர் மறைந்துபோன ஒரு ஃபிலிம் வகையிலிருந்து வந்தது. 'ஒரு அங்குலச் சென்சார்' என்பதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இருக்காது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாய்களை அவற்றின் வெளிவிட்டத்தால் குறிப்பிட்ட வழக்கம் இன்றும் தொடர்வதே அதற்குக் காரணம்.

எனவே பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பரப்பளவைப் பார்ப்பதே நல்லது. ஏறத்தாழ அவை பின்வருமாறு:

மீடியம் ஃபார்மட் வகையில் பரவலாக விற்பனையாவது (44 x 33 மி.மீ.): 1,450 சதுர மில்லிமீட்டர்
ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ.): 864 சதுர மில்லிமீட்டர்
ஏபிஎஸ்-சி (23.5 x 15.6 மி.மீ.; கேனன் கேமராக்களில் இதைவிடச் சற்றுச் சிறியது): 367 சதுர மில்லிமீட்டர்
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (17.3 x 13 மி.மீ.): 225 சதுர மில்லிமீட்டர்
'ஒரு அங்குலம்' (13.2 x 8.8 மி.மீ.): 116 சதுர மில்லிமீட்டர்
விலை உயர்ந்த செல்பேசிகள் பலவற்றின் பிரதான கேமரா ('1/1.3 அங்குலம்'): 72 சதுர மில்லிமீட்டர்
சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய சிறு கேமராக்கள் ('1/2.3 அங்குலம்'): 28 சதுர மில்லிமீட்டர்

ஃபுல் ஃபிரேம் சென்சார், அந்தச் சிறு கேமராவின் சென்சாரைப் போல் 30 மடங்கு பரப்புக் கொண்டது என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது. ஏபிஎஸ்-சியுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது.

பெரிய பரப்பு தரும் பலன்

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு கிடாரத்தையும் அதன் அருகே ஒரு தேநீர்க் குவளையையும் வைப்பதாகக் கொள்வோம். இரண்டின் மீதும் பெய்வது ஒரே மழைதான். ஆனால் கிடாரத்தில் விழும் துளிகள் அதிகம். தூறல் மட்டும் விழும் நேரத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அருகருகே வைத்த இரண்டு குவளைகளில் ஒன்றில் ஏழு துளிகளும் மற்றதில் பன்னிரண்டு துளிகளும் விழக்கூடும். இரண்டு கிடாரங்களை வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது.

ஒளியும் இப்படித் துளிகளாகவே வந்து விழுகிறது. அந்தத் துளிகளை இயற்பியல் ஃபோட்டான்கள் என்கிறது. சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழவேண்டிய இடத்தில், தற்செயல் காரணமாக ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ செய்யும். இது நூற்றுக்குப் பத்து. 10,000 விழவேண்டிய இடத்தில் கூடிக்குறைவது ஏறத்தாழ 100 மட்டுமே. இது நூற்றுக்கு ஒன்று. ஒளி நான்கு மடங்கானால் ஏற்றத்தாழ்வின் விகிதம் பாதியாகும் என்பது பொதுவிதி.

இருண்ட மண்டபத்தில் எடுத்த படங்களில் கன்னத்திலும் கூந்தலிலும் மணல் தூவியதுபோல் தெரியும் சொரசொரப்பு இந்த ஏற்றத்தாழ்வால் வருவதே. தொழில்நுட்பவியலாளர்கள் இதை 'இரைச்சல்' என்று அழைக்கிறார்கள். கேமராவில் ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்துவதால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளியை அது பிரகாசமாக்கிக் காட்டுகிறது. அதனுடன் சேர்ந்து ஏற்றத்தாழ்வும் பெரிதாகத் தெரிகிறது.

பெரிய சென்சாரின் முதன்மையான பலன் இதுதான். ஒரே லென்ஸ் திறப்பு எண்ணுடன், ஒரே நேர அளவில், ஒரே காட்சியை எடுத்தால், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சேர்ப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை ஃபுல் ஃபிரேம் சேர்க்கிறது. சொரசொரப்பு பாதியாகக் குறைகிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் இரண்டிலுமே ஒளி மிதமிஞ்சிக் கிடைப்பதால், இந்த வித்தியாசத்தை அச்சிட்ட படத்தில் கண்டுபிடிப்பது கடினம். மாலையில் குத்துவிளக்கின் அருகே எடுத்த படத்தில் அது வெளிப்படையாகத் தெரியும்.

திரிம்பாக் இருக்கும் ஆரே ஆற்றுப் பள்ளத்தாக்கு குளிர்காலத்து மூடுபனிக்குப் பெயர்பெற்றது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மண்டபத்தின் ஜன்னல்கள் வழியே வரும் பகல் வெளிச்சம் மிகவும் சொற்பம். ஆகவே இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இருட்டில் எடுக்கும் படங்களின் தரம் என்பது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியாக இருக்க முடியாது.

மறந்துவிடப்படும் லென்ஸ்

சென்சாரின் பரப்பு கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. அதன் மீது எவ்வளவு செறிவான ஒளி விழுகிறது என்பதை லென்ஸின் திறப்பு தீர்மானிக்கிறது. இதைக் குறிப்பது எஃப் எண். எண் சிறியதானால் திறப்பு பெரிது. எஃப் 2.8 திறப்பில் விழும் ஒளி, எஃப் 5.6 திறப்பில் விழுவதைப்போல் நான்கு மடங்கு. மொத்த ஒளியை அறிய, பரப்பையும் இந்தச் செறிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏபிஎஸ்-சி கேமராக்களுடன் வழக்கமாகச் சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்ஸ்கள் பல, அகன்ற கோணத்தில் எஃப் 3.5 அளவுக்கே திறப்பவை. விலை உயர்ந்த செல்பேசியின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8 அளவில் இருக்கிறது. கேமராவின் சென்சார் ஐந்து மடங்கு பெரியது. ஆனால் திறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே கோணத்தில் அது சேர்க்கும் ஒளி செல்பேசியைவிட ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. இதற்கும் மேலாகச் செல்பேசி, பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்துக்கொள்கிறது. கூகுள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் தனது பிக்சல் செல்பேசிகளில் கொண்டுவந்த இரவுப் படமுறையும், ஆப்பிள் அடுத்த ஆண்டு கொண்டுவந்ததும் இந்த வகையைச் சேர்ந்தவை. 'கேமரா வாங்கியும் செல்பேசிப் படம்தான் நன்றாக இருக்கிறது' என்று வீடுகளில் எழும் முறைப்பாட்டுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

அதே கேமராவில் எஃப் 1.8 திறப்புடைய, ஜூம் வசதியில்லாத லென்ஸைப் பொருத்தினால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது கேமராவின் ஐந்து மடங்குப் பரப்பு முழுமையாகப் பயன்படுகிறது. எஃப் 2.8 லென்ஸுடன் கூடிய ஃபுல் ஃபிரேமும் ஏறத்தாழ இதே அளவு ஒளியையே சேர்க்கிறது. எஃப் 1.4 லென்ஸுடன் கூடிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும் அப்படியே.

செல்பேசியின் வித்தைக்கும் எல்லை உண்டு. பல படங்களை இணைக்கும் முறை, அசையாமல் இருப்பவர்களுக்கே பொருந்தும். ஆலத்தி எடுக்கும் கை அசைகிறது, குழந்தை ஓடுகிறது, நாதஸ்வரக்காரரின் விரல்கள் நிற்பதில்லை. அங்கே ஒரே நொடித்துணுக்கில் சேரும் ஒளியே கைகொடுக்கும். அதேபோல் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று மேடையை எடுக்க நேர்ந்தால், செல்பேசி தன் சிறிய சென்சாரின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அல்லது அதைவிடச் சிறிய சென்சாருடைய மற்றொரு லென்ஸுக்கு மாறுகிறது. தொலைவிலிருந்து எடுக்கும்போது பெரிய கேமராவின் மேன்மை ஐயத்துக்கு இடமில்லாதது.

மூன்று வரிசை உறவினர்கள்

பெரிய சென்சாரின் பலன் குறைந்துபோகும் இடமும் ஒன்று இருக்கிறது. அது நமது விழாக்களில் கட்டாயமாக எடுக்கப்படும் குழுப்படம்.

லென்ஸை அகலத் திறந்தால், குவிமையம் வைத்த ஆளுக்கு முன்னும் பின்னும் இருப்பவை மங்கலாகின்றன. தனி உருவப்படத்தில் பின்னணி மங்குவது அழகு. முன்வரிசையில் குழந்தைகள், நடுவில் பெற்றோர், பின்னால் மாமன்மார் என்று மூன்று வரிசைகள் நிற்கும்போது அதே மங்கல் குறையாகிறது. எல்லா முகங்களும் தெளிவாக வருவதற்கு ஃபுல் ஃபிரேமில் எஃப் 8 திறப்பு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே தெளிவு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 4 திறப்பிலேயே கிடைத்துவிடும். அதாவது, பெரிய சென்சார் நான்கு மடங்கு பரப்பால் பெற்ற ஒளியை, திறப்பைச் சுருக்குவதன் மூலம் நான்கில் ஒரு பங்காக இழந்துவிடுகிறது. ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், இரண்டு கேமராக்களும் சேர்த்த ஒளி சமம். சொரசொரப்பும் ஏறத்தாழ சமமே.

ஆகவே, பெரிய சென்சார் ஒரு சாத்தியத்தைத் தருகிறது. லென்ஸை அகலத் திறந்து வைத்தோ, கேமராவை முக்காலியில் வைத்து நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்தோ அந்தச் சாத்தியத்தைப் பயன்படுத்தும் போதுதான் பணத்துக்கு உரிய பலன் கிடைக்கிறது.

மெகாபிக்சல் கணக்கு

டிஜிட்டல் கேமராக்கள் பரவிய ஆண்டுகளில் விளம்பரங்கள் மெகாபிக்சலைப் பற்றியே பேசின. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி1 கேமராவில் இருந்தவை 2.7 மெகாபிக்சல்கள். செய்தியாளர்கள் அதைக் கொண்டே பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார்கள். 2002ஆம் ஆண்டில் கேனன் நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் கேமரா 11 மெகாபிக்சல்களுடன் வந்தது. அண்மைக்காலச் செல்பேசிகளிலோ 48, 50, 200 என்று எண்கள் ஏறியிருக்கின்றன.

ஏ4 தாளில், கையில் வைத்துப் பார்க்கும் தூரத்துக்குத் தேவையான நுணுக்கத்துடன் அச்சிட 9 மெகாபிக்சலுக்குக் குறைவாகவே போதும். பெரும்பாலான விழா ஆல்பங்களின் பக்கம் இதைவிட அதிகம் பெரியதல்ல. சுவரில் மாட்டும் பெரிய படத்தை எவரும் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை என்பதால் அங்கும் தேவை பெரிதாகக் கூடிவிடாது. 48 மெகாபிக்சல் செல்பேசிகள் பொதுவாக நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. ஒளி போதாத இடத்தில் பிக்சல்களைப் பெருக்குவதால் பயன் சிறிது என்பதைத் தயாரிப்பாளர்களும் அறிவார்கள்.

படங்களை ஒப்பிடுவோர் செய்யும் பெரிய தவறு ஒன்றும் இதனுடன் தொடர்புடையது. இரண்டு கேமராக்களின் படங்களையும் கணினித் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பிக்சல் அதிகமுள்ள படம் அப்போது கூடுதலாகப் பெரிதாக்கப்படுவதால், அதன் குறைகளும் கூடுதலாகத் தெரிகின்றன. ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் நேரத்தில் எடுத்து, ஒரே அளவில் அச்சிட்டு, ஒரே தூரத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

சென்சாரின் வயதையும் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்றைவிட, அண்மைக்கால ஏபிஎஸ்-சி கேமரா ஆழ்ந்த நிழல்களைத் தூய்மையாகக் காட்டக்கூடும். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்சாரின் மின்சுற்றே உண்டாக்கும் இரைச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கறுத்த முகமும் வெள்ளைச் சுவரும்

நமக்கென்று தனியாக எழும் ஒரு பிரச்சினையும் இதில் உண்டு. கேமராவின் தானியங்கி அமைப்பு, காட்சி முழுவதன் பிரகாசத்தையும் கணக்கில் எடுத்து ஒளி அளவை முடிவு செய்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், பனி படர்ந்த ஜன்னல் என்றிருக்கும் மண்டபத்தில், காட்சி ஏற்கனவே மிகப் பிரகாசமாக இருப்பதாக எண்ணி அது ஒளியைக் குறைத்துவிடும். பாதிக்கப்படுவது கறுத்த முகங்கள்தான். கறுத்த தோல் குறைவான ஒளியையே திருப்பி அனுப்புகிறது. இரைச்சல் குடியிருப்பதும் ஒளி குறைந்த பகுதிகளில்தான். ஆகவே ஒரே படத்தில் சுவர் பளிச்சென்று இருக்க, மாமாவின் முகம் மட்டும் சொரசொரப்பாகத் தெரிகிறது.

இந்தப் பாரபட்சம் டிஜிட்டல் காலத்துக்கு முந்தியது. ஃபிலிம் காலத்தில் நிறங்களைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'களில் நீண்டகாலம் வெள்ளையினப் பெண்களின் முகங்களே இருந்தன.

பெரிய சென்சார், தீபச் சுடரும் பட்டுச்சேலையின் சரிகையும் வெளிறிப்போகாமல், அதே நேரத்தில் முகத்தின் நிழல்களும் மூழ்காமல், இரண்டையும் ஒருசேரப் பதிவு செய்ய அதிக இடம் தருகிறது. ஆனால் முகத்தைப் பார்த்து ஒளியைத் திருத்தும் படப்பிடிப்பாளர் இல்லாவிட்டால் அந்த இடம் வீணாகிவிடும். முகத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டத் தெரிந்தவர், சிறிய சென்சாரிலும் மாமாவின் முகத்தை மாமாவின் நிறத்தில் கொண்டுவந்துவிடுவார்.

விளக்கை நகர்த்தினால்

சிறிய விளக்கு ஒன்று 2 மீட்டர் தூரத்தில் இருந்து முகத்தில் ஒளி வீசுகிறது என்று கொள்வோம். அதை 1 மீட்டருக்கு நகர்த்தினால், முகத்தில் விழும் அந்த விளக்கின் ஒளி நான்கு மடங்காகும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவதால் கிடைக்கும் ஆதாயமும் ஏறத்தாழ அதே நான்கு மடங்குதான். ஒன்றுக்குப் பல ஆயிரம் ஃபிராங் செலவாகிறது. மற்றதற்கு விளக்கின் தாங்கியைத் தூக்கி வைக்க ஓர் ஆள் போதும்.

மண்டபத்தில் வெள்ளைக் கூரை இருந்தால், ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் கூரையை நோக்கித் திருப்பலாம். ஒளி பரவி மென்மையாக இறங்கும். சுவிட்சர்லாந்தின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால் சில மண்டப விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. மிக வேகமான ஷட்டர் நேரத்தில் படம் எடுத்தால் அந்த மினுக்கம் பட்டை பட்டையாகப் பதிவாகும். நொடியின் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வைத்தால் தப்பலாம். இந்தக் குறையை எந்தச் சென்சார் அளவும் தானாகத் தீர்த்துவிடாது.

ஆலயங்களின் நிலை வேறு. கருவறை முன்னே விளக்கையும் ஃபிளாஷையும் கொண்டுபோக முடியாது. பல ஆலயங்களில் மூலவரைப் படமெடுப்பதே வழக்கத்தில் இல்லை. அனுமதி உள்ள இடங்களில், எண்ணெய் விளக்கின் ஒளியை மட்டும் நம்பி, அசையும் மனிதர்களைப் படமாக்க வேண்டியிருக்கிறது. அகலத் திறக்கும் லென்ஸுடன் கூடிய பெரிய சென்சாருக்குச் செலவிடும் பணம் முழுமையாக நியாயமாவது இத்தகைய இடத்தில்தான்.

படம் போய்ச் சேரும் இடம்

எடுத்த படம் கடைசியில் எங்கே பார்க்கப்படுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். திரிம்பாக்கில் எடுத்த படம் அன்று மாலையே வட்ஸ்அப் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் டொரன்டோவுக்கும் போகிறது. வழக்கமான முறையில் அனுப்பும்போது அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. உயர்தரத்தில் அனுப்பும் வசதி 2023ஆம் ஆண்டில் வந்தபோதிலும், பலரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. சுருங்கிய படத்தைக் கையகலத் திரையில் பார்க்கும் அம்மம்மாவுக்கு, எடுத்தது எந்தச் சென்சார் என்பது தெரியப்போவதில்லை.

சிக்கல் பின்னர் வருகிறது. செல்பேசி மாறும்போது மூலக் கோப்புகள் தொலைந்து, குடும்பத்திடம் எஞ்சுவது வட்ஸ்அப் பிரதி மட்டும் என்றாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டிய நாள் வந்தால், ஃபுல் ஃபிரேமுக்குக் கொடுத்த பணம் அங்கே உதவாது.

மூலக் கோப்புகளிலும் இரண்டு வகை உண்டு. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பு 16,384 படிநிலைகளை வைத்திருக்கும். இருண்டுபோன முகத்தைப் பின்னர் மீட்டெடுக்க உதவுவது இரண்டாவது வகை.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான். படப்பிடிப்பாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இருண்ட மண்டபத்தில் எந்த லென்ஸைப் பயன்படுத்துவீர்கள், அது எவ்வளவு திறக்கும்? விளக்குகளைக் கொண்டுவருவீர்களா, எங்கே வைப்பீர்கள்? இதற்கு முன் மாலை நேரத்தில் எடுத்த படங்களை, கறுத்த முகங்கள் உள்ள படங்களை, அச்சிட்டுக் காட்ட முடியுமா? மூலக் கோப்புகளை எங்களிடம் தருவீர்களா? சென்சாரின் அளவை இதற்குப் பிறகு கேட்டாலும் தாமதமாகிவிடாது.

அவர் இருவரிடமும் கேட்டார். குறைந்த விலை சொன்ன ஏபிஎஸ்-சி படப்பிடிப்பாளரிடம் எஃப் 1.8 லென்ஸ்கள் இரண்டும் நிறுத்திவைக்கும் விளக்குகள் இரண்டும் இருந்தன. மூலக் கோப்புகளையும் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். விழாவுக்கு அவரே வந்தார்.

அந்த வீட்டில் இன்னொரு சம்பவமும் நடந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன், சுவரில் இருந்த தம்பியின் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றித் திருத்திக் கொண்டுவந்தான். கரும்புள்ளிகள் இருந்த இடத்தில் ஒளி மின்னும் கண்கள் இருந்தன. இமை மயிர்கள்கூடத் தெரிந்தன. இத்தகைய செயலிகள் இல்லாத தகவலைக் கண்டெடுப்பதில்லை. ஆயிரமாயிரம் பிற முகங்களிலிருந்து கற்றதைக் கொண்டு, பொருந்தக்கூடியதென்று தோன்றுவதை வரைந்து சேர்க்கின்றன.

தாயார் அதை நீண்ட நேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு, ஆனால் இது அவனில்லை" என்றார். பழைய படம் இப்போதும் அதே ஆணியில் தொங்குகிறது. மகளின் விழாப் படங்களின் மூலக் கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுக்கப்பட்டு, ஒன்று திரிம்பாக்கிலும் மற்றது டொரன்டோவில் அவருடைய அக்காவின் வீட்டிலும் இருக்கின்றன.